வசந்தத்தை நாடிச் செல்லும் வான்வழிப் பயணிகள்

நமது நாட்டில் வசந்தம் என்றொரு தனிப் பருவம் இல்லை. ஆயினும், ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வடதிசை நாடுகளில் பிறக்கும் வசந்தத்தின் அறிகுறியை நாம் நமது வானிலேயே காணலாம். குளிர்காலத்தைச் சுமத்ரா, ஜாவா முதலிய தீவுகளில் கழித்த பருந்தினப் பறவைகள், கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பதற்காகச் சீனா, ஜப்பான், சைபீரியா ஆகிய தாயகங்களுக்குத் திரும்பும் காலம் அது.

இக்காட்சியைக் காண்பதற்குச் சிறந்த இடம் தஞ்சோங் துவான் முனையாகும். போர்ட்டிக்சனுக்கு அருகில் இருப்பினும், இது மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. மலாக்கா நீரிணை இங்கு மிகக் குறுகி, எதிரேயுள்ள ரூப்பாட் தீவுக்கும் இம்முனைக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவே உள்ளது.

பருந்துகள் இவ்விடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக்காற்று மேலெழுகின்றது. அக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின்னர் சிறகசைக்காமலே நெடுந்தூரம் மிதந்து செல்வது பருந்துகளின் வழக்கம். கடலின் மேல் அத்தகைய காற்று போதிய அளவில் எழுவதில்லை. ஆதலால் அவை சிறகடித்தே கடலைக் கடக்க வேண்டியுள்ளது. களைத்து வரும் அவை, கரையோரக் காட்டின் மேல் மிகத் தாழ்வாகப் பறந்து, மீண்டும் வெப்பக்காற்றைப் பற்றி உயர்கின்றன. அக்காடு அழியுமாயின் அவை இளைப்பாற இடமேது?

இப்பயணிகளுள் மிகுதியானவை தேன்பருந்துகளாகும். தேனீ, குளவி ஆகியவற்றின் புழுக்களே இவற்றின் முக்கிய உணவு. முகத்தில் செதில்போல் நெருங்கி அமைந்த சிறு இறகுகள், கொடுக்குகளிலிருந்து இவற்றைக் காக்கின்றன. குளவிக் கூட்டினால் நேரும் துன்பத்தைப் பால்மரம் சீவச் செல்வோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அக்கூட்டைக் கலைத்து உண்ணும் பறவை நமக்குப் பகையாகுமா? கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லும் கள்வன் என்று எண்ணி, பருந்தெனக் கண்டவை அனைத்தின் மீதும் கல்லெறிவதும் கவணெடுப்பதும் தவறாகும். பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றி வேட்டையாடுவது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டில் தஞ்சோங் துவானில் பருந்து காணும் விழாவைத் தொடங்கியது. விழாக் காலத்தில்தான் செல்ல வேண்டுமென்பதில்லை. மார்ச் மாதத்து விடுமுறை நாளொன்றில் குடும்பத்துடன் சென்று வரலாம். நிலம் நன்கு சூடேறிய பின்னரே பறவைகள் மிகுதியாக வருமாதலால், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை ஏற்ற நேரமாகும். குடிநீரும் குடையும் எடுத்துச் செல்லுதல் நன்று. தொலைநோக்குக் கண்ணாடி இருப்பின் நலம். இல்லையெனினும் தாழப் பறப்பனவற்றை வெறுங்கண்ணாலேயே காணலாம். 1863ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தையும் அங்கே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அங்குச் செல்ல இயலாதவர்கள், வேலை முடிந்து திரும்பும் வேளையில் தோட்டத்து வானை அண்ணாந்து நோக்கட்டும். வட்டமிடும் பருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் செல்லவிருக்கும் விருந்தாளியாகவும் இருக்கலாம். அவ்விருந்தாளிக்குத் தீங்கிழைக்காது வழியனுப்புவதே நமக்குப் பெருமை.