ஓடும்போது உலரும், நின்றால் ஒழுகும்

கோடை விடுமுறையில் காலை வேளையில் சைக்கிளில் பூங்காவுக்குக் கிளம்பும் மாணவர்கள் எல்லோரும் இதைக் கவனித்திருக்கலாம். வண்டி ஓடும் வரை உடம்பில் வியர்வை தெரிவதில்லை. சிவப்பு விளக்கில் காலை ஊன்றி நின்றதும் நெற்றியில் முத்து முத்தாகத் துளிர்க்கிறது. பூங்கா வாயிலில் வண்டியைப் பூட்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. மிதிக்கும்போது வராத வியர்வை, மிதிப்பதை நிறுத்தியபின் எங்கிருந்து வந்தது?

வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர், "ஓடும்போது காற்றுப் படுகிறது, அதனால் வியர்ப்பதில்லை" என்பார்கள். இதில் பாதிதான் சரி. காற்றுப் படுவது உண்மை. வியர்ப்பதில்லை என்பதுதான் தவறு. தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். பாதி வழியில் நிறுத்திப் பையைக் கழற்றினால் அதன் அடியில் சட்டை நனைந்திருக்கும். காற்றுப் பட்ட மார்புப் பக்கம் உலர்ந்திருக்கும். முதுகுக்கு வந்த வியர்வை மார்புக்கும் வந்திருக்கத்தானே வேண்டும்? வந்தது. நம் கண்ணில் படுமுன்பே ஆவியாகிப் போய்விட்டது.

எவ்வளவு வந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெங்களூரில் அல்சூர் பகுதியில் வசிக்கும் ஒரு மாணவன் ஏப்ரல் மாதக் காலையில் லால்பாக் தோட்டத்துக்குப் போகிறான் என்று கொள்வோம். 1760இல் ஹைதர் அலி தொடங்கிவைத்த, 240 ஏக்கர் பரப்புள்ள தோட்டம் அது. தூரம் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். அவசரமில்லாமல் மிதித்தால் அரை மணி நேரம் ஆகும். அதாவது விநாடிக்கு 4 மீட்டர் வேகம்.

சமதரையில் அவனை எதிர்ப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் உருளும்போது தரையோடு அமுங்கி நெளிவதால் வரும் தடை. மற்றொன்று காற்றின் தடை. அவனும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ எடை என்றால் முதலாவது சுமார் 5 நியூட்டன். இந்த வேகத்தில் காற்றுத் தடையும் கிட்டத்தட்ட அவ்வளவே. (பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மாணவனுக்கு அது சிறிய சலுகை.) ஆக மொத்தம் 10 நியூட்டன். விநாடிக்கு 4 மீட்டரால் பெருக்கினால் 40 வாட். ஒரு சாதாரண குண்டு பல்புக்கு வேண்டிய திறன்தான்!

ஆனால் நம் தசைகள் அவ்வளவு சிக்கனமான இயந்திரம் அல்ல. உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் அவை வேலையாக மாற்றுகின்றன. பெடலில் 40 வாட் வர வேண்டுமானால் உடலுக்குள் 200 வாட் செலவாக வேண்டும். மீதி 160 வாட் வெப்பமாகிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே உடல் வெளியிடும் வெப்பம் சுமார் 80 வாட். இரண்டையும் கூட்டினால் 240 வாட். இந்த வெப்பம் வெளியேறாவிட்டால் உடலின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும்.

வெளியேற்றும் வழிகளில் மிகச் சிறந்தது வியர்வை. ஒரு கிராம் வியர்வை தோலின் மேல் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இதுதான் நீங்கள் பாடத்தில் படித்த உள்ளுறை வெப்பம். 240 வாட் என்பது விநாடிக்கு 240 ஜூல். எனவே வியர்வை ஒன்றையே நம்பியிருந்தால் பத்து விநாடிக்கு ஒரு கிராம் வேண்டும். அரை மணியில் 180 கிராம். கிட்டத்தட்ட ஒரு டம்ளர் நீர்!

நல்ல வேளையாக, காலையில் முழு டம்ளரும் தேவைப்படுவதில்லை. தோலின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ் அளவு. காலைக் காற்றோ 23 டிகிரி. பத்து டிகிரி வேறுபாடு இருப்பதால், ஓடும் வண்டியில் மோதும் காற்று வெப்பத்தில் ஏறக்குறைய பாதியைத் தானே வாரிக்கொண்டு போய்விடும். மீதிப் பாதிக்கு அரை டம்ளர் வியர்வை போதும்.

இப்போது சிவப்பு விளக்குக்கு வருவோம். தோலை ஒட்டி ஈரம் மிகுந்த மெல்லிய காற்றுப் போர்வை ஒன்று எப்போதும் இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைக் கலைத்துக்கொண்டே இருப்பதால், வியர்வை சுரக்கச் சுரக்க ஆவியாகிறது. நின்றவுடன் போர்வை தடித்துவிடும், ஆவியாதல் தளரும். தொடைத் தசைகளில் சேர்ந்த வெப்பத்தையோ இரத்தம் இன்னும் தோலுக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. கால் நின்ற அதே கணத்தில் வியர்வைச் சுரப்பிகள் நிற்பதில்லை. சில நிமிடங்கள் ஆகும். வரவு குறையவில்லை, செலவு குறைந்துவிட்டது. அதனால்தான் வழிந்து ஓடுகிறது. கீழே சொட்டிய வியர்வை நம்மைக் குளிர்விப்பதில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ஆவியான துளி மட்டுமே தன் வேலையைச் செய்த துளி. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. அங்கே வண்டி ஓடும்போதே வியர்வை சொட்டும். அத்தனையும் வீண்தான்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் குளுமையாக இருக்கிறதே, அது ஏன்? மரங்கள் பிராணவாயு தருவதால் குளுமை என்று சிலர் சொல்வதுண்டு. பிராணவாயுவுக்கும் குளுமைக்கும் தொடர்பு இல்லை. நிழல்தான் முதற் காரணம். அடுத்தது, மரமும் ஒருவகையில் வியர்க்கிறது. இலைகளின் நுண்துளைகள் வழியே ஒரு பெரிய மரம் கோடை நாளில் நூறு லிட்டருக்கு மேலும் நீரை ஆவியாக விடக்கூடும். நூறு லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், பத்து மணி நேரப் பகலில் அது உறிஞ்சும் வெப்பம் ஏறக்குறைய 7 கிலோவாட். ஏழு மின்சார அடுப்புகள் வெளியிடும் வெப்பத்தை ஒரு மரம் ஓசையின்றி விழுங்குகிறது!

லால்பாக்கில் இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்க்கலாம். கெம்பெ கௌடரின் கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டு வயதுடையது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதன்மேல் வெறுங்காலோடு நடக்கலாம். பத்து மணிக்கு மேல் முடியாது. பக்கத்துப் புல்தரையிலோ அப்போதும் தாராளமாக நடக்கலாம். இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில்தான். பாறையிடம் ஆவியாக்க நீர் இல்லை. வாங்கிய வெயிலை வைத்துக்கொண்டு சுடுகிறது.

வீடு திரும்புவதுதான் சிக்கல். பதினொன்றரை மணிக்கு மாணவன் கிளம்பினால் பாதையும் உழைப்பும் காலையில் இருந்தவைதான். ஆனால் காற்று 33 டிகிரியை எட்டியிருக்கும். தோலுக்கும் காற்றுக்கும் வேறுபாடு இல்லை. எனவே காற்று தானாக எதையும் வாரிக்கொண்டு போகாது. உச்சி வெயில் வேறு நூறு வாட்டுக்கு மேலும் சேர்க்கலாம். 340 வாட்டையும் வியர்வையே சுமந்தாக வேண்டும். அரை மணிக்குக் கால் லிட்டருக்கு மேல். காலையில் செலவானதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்! எதிர்க்காற்று அத்தனையையும் உலர்த்திவிடுவதால் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. தாகமும் சற்றுப் பிந்தித்தான் எடுக்கும். ஆகவே தோட்டத்தை விட்டுக் கிளம்புமுன் இரண்டு டம்ளர் நீர் குடித்துவிட வேண்டும். தலை சுற்றினாலோ குமட்டினாலோ மேற்கொண்டு மிதிக்காமல் நிழலில் உட்கார்ந்து, முகத்தையும் கைகளையும் நனைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால் பெரியவர்களை அழைத்து மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதையெல்லாம் உங்கள் ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் நிழலில் வைத்து அட்டையால் விசிறுங்கள். ஈரத் துணி சுற்றியது கீழே இறங்கி ஓரிடத்தில் நிற்கும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு அதிகமாக இருந்தால் அன்றைக்கு வியர்வை எளிதில் உலரும். ஒன்றிரண்டு டிகிரிதான் என்றால் சட்டை பிழியத்தான் வேண்டியிருக்கும். காலை ஆறு மணிக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.