கால் ஊனமுற்ற கோழிக்குஞ்சு: பேணுவதா, விலக்குவதா?

பொரித்த குஞ்சுகளுள் ஒன்று எழுந்து நிற்கமாட்டாது கிடக்குமாயின், சிலர் அது பிழைக்காதென ஒதுக்கிவிடுவர். வேறு சிலர் தானே தேறுமென விட்டுவிடுவர். இரண்டும் தவறான முறைகளாகும். கால் ஊனங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சில நான்கைந்து நாட்களிற் சீர்ப்படும். சில எக்காலத்தும் சீர்ப்படா. ஆகவே, குஞ்சின் கதியைத் தீர்மானிக்குமுன் ஊனத்தின் காரணத்தை அறிதல் வேண்டும்.

கால்கள் விரிந்த குஞ்சு

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான பகுதிகளில் முற்றமில்லாத வீடுகள் பல. அங்கே குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் விரித்தோ, சீமெந்துத் தரையிலோ விட்டு வளர்க்க நேரிடுகிறது. வழுக்கும் தரையில் பாதம் பிடிப்பின்றி விலகுவதால் கால்கள் இருபுறமும் விரிந்துபோகும். கமக்காரர் வீட்டுக் குஞ்சுக்கும் இது நேரலாம்.

இவ்வூனம் பெரும்பாலும் சீர்ப்படுத்தக்கூடியது. மருந்துக் கடையிற் கிடைக்கும் ஒட்டுப் பிளாஸ்டரின் மெல்லிய துண்டினால் இரு கால்களையும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் தளர்வாகப் பிணைக்க வேண்டும். இறுக்கினால் இரத்தவோட்டம் தடைப்படும். நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டுக. தரையில் முதலிற் சொரசொரப்பான துணியும், பின்னர் உமியும் பரப்புதல் நன்று. பொரித்த முதலிரண்டு நாட்களுக்குள் தொடங்கினாற் பலன் மிகுதி. எலும்பு முற்றியபின் பலன் குறைவு.

விரல் சுருண்ட குஞ்சு

விரல்கள் உட்புறமாகச் சுருள்வதற்கு விற்றமின் பீ-2 குறைவு ஒரு காரணமாகும். தொடக்கத்திலேயே அவ்விற்றமினைக் கொடுத்தால் குஞ்சு தேறும். காலந்தாழ்த்தினால் நரம்பு நிரந்தரமாகக் கெடும். ஈரல், பால், பச்சை இலைகள் ஆகியவற்றில் இச்சத்து உண்டு. மரக்கறித் தோட்டமுடையோர் கீரையை நறுக்கித் தீனோடு சேர்க்கலாம்.

மூட்டுப் பிசகிய குஞ்சு

காலின் நடுமூட்டு வீங்கி, அதன் பின்புறத் தசைநாண் பக்கமாக வழுவினாற் கால் முறுகிவிடும். தீனில் மங்கனீசு குறைவது இதற்கு ஒரு காரணமென அமெரிக்க ஆய்வாளர் 1936ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். மங்கனீசு கொடுப்பது ஏனைய குஞ்சுகளைக் காக்கும். வழுவிய நாணை மீட்காது. இவ்வேறுபாட்டை அறியாதோர் வீண்செலவு செய்வர்.

வெயிலும் தவிடும்

எலும்பும் அலகும் மென்மையாகிக் கால் வளைவது, விற்றமின் டீ, கல்சியம், பொசுபரசு ஆகியவற்றின் குறைவினாலாகும். கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் இதற்கு உதவாது. வெயில் குஞ்சின்மேல் நேரே படவேண்டும்.

நெற்கமக்காரர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1890ஆம் ஆண்டையொட்டி, யாவாத் தீவின் பத்தேவியா நகரில் ஐக்மான் என்னும் ஒல்லாந்த மருத்துவரின் ஆய்வுகூடக் கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. அவை மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளரிசிச் சோற்றை உண்டுவந்தவை. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் அவை தேறின. தவிட்டிலிருந்த அச்சத்தே பின்னர் விற்றமின் பீ-1 எனப்பட்டது. ஐக்மானுக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. எஞ்சிய வெள்ளைச் சோற்றை மட்டும் குஞ்சுக்கு இடலாகாதென்பது இதனாற் புலனாகும். எனினும் தவிடு மட்டும் முழுத் தீன் ஆகாது. அதிலுள்ள பொசுபரசிற் பெரும்பகுதியைக் கோழி பயன்படுத்திக்கொள்ள இயலாது. புதிய தவிட்டைக் குஞ்சுத் தீனோடு அளவாகச் சேர்த்தலே தகும்.

தீர்மானிக்கும் முறை

ஊனமுற்ற குஞ்சை ஏனையவை கொத்தாதவாறு பிரித்து, அவற்றின் குரல் கேட்குமிடத்தில் வெப்பமாக வைத்து, தீனும் நீரும் எட்டுமாறு அமைக்க வேண்டும். அது உண்டு குடித்து நாளுக்குநாள் தேறினாற் பேணுக. ஒரு கால் மட்டும் வளைந்து, நோவின்றி நடமாடும் குஞ்சை வளர்க்கலாம். ஆயினும் அதன் முட்டைகளை அடைவைத்தல் கூடாது. இரு கால்களும் முறுகி, தீனை அடையவும் மாட்டாது துன்புறும் குஞ்சை நீடித்து வருந்தவிடுதல் இரக்கமன்று. மிருக வைத்தியரைக்கொண்டு அதன் துன்பத்தை முடிப்பதே முறை.

ஒரேவேளையிற் பல குஞ்சுகள் நொண்டினால், தீனிலோ நோயிலோ குற்றம் உளதெனக் கொள்க. சில வாரம் வளர்ந்த கோழி ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னுமாக நீட்டி வீழ்ந்தால், அது மாரெக் நோயாக இருத்தல் கூடும். அதற்கு மருந்தில்லை, பொரித்தவுடன் இடும் தடுப்பூசியே காப்பு. இத்தகைய நிலையிற் கோழிகளைப் பிரித்துவைத்து, அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும்.