மாசும் ஒரு செல்வம்

தூத்துக்குடி என்றதும் நேயர்களுக்கு முத்து ஞாபகம் வரும். ஆனால் சிப்பி ஆசைப்பட்டு முத்தை ஈன்றெடுப்பதில்லை. வேண்டாத அந்நியப் பொருளொன்று உள்ளே புகுந்துவிட்டால், அதன்மேல் படலம் படலமாகப் பூசி மூடுகிறது; அதுவே முத்து. எந்தச் சிப்பியில் அது நேரும் என்பது முத்துக் குளிப்போருக்கும் தெரியாது. 1973-ஆம் ஆண்டில் இவ்வூரிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பிக்குள் சிறு மணியைத் தாமே வைத்து உருண்டை முத்தை விளைவித்தார்கள். தற்செயல் கைத்திறனாயிற்று.

ஸயன்ஸிலும் இதற்கு நிகரான கதை ஒன்றுண்டு. மணலிலிருந்து பிரித்தெடுக்கும் சிலிக்கன் என்னும் மூலப்பொருள், தாமிரத்தைப் போல் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தாது. கண்ணாடியைப் போல் அடியோடு தடுக்கவும் செய்யாது. அதன் ஒவ்வோர் அணுவும் தன் நான்கு வெளி எலக்ட்ரான்களால் அண்டை அணுக்களுடன் கைகோத்து நிற்கிறது, ஓடுவதற்கு ஆளில்லை. அங்கே ஐந்து எலக்ட்ரான் உடைய பாஸ்பரஸ் அணுவைப் புகுத்தினால், நான்கு கைகோக்கும். ஐந்தாவது சுதந்திரமாகத் திரியும். மூன்றே உடைய போரானைப் புகுத்தினால் ஓரிடம் காலியாகும். அண்டை எலக்ட்ரான் அதில் வந்தமர, காலியிடம் நகர்ந்துகொண்டே போகும். ஒரு கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஒரே ஓர் அந்நிய அணு போதும். மின்சாரத்தைக் கடத்தும் சக்தி லட்சக்கணக்கான மடங்கு உயரும்!

இதுவும் தற்செயலாகவே தொடங்கிற்று. ஆசார்ய ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்டு மின் அலைகளை உணரும் கருவி செய்து, 1904-இல் அமெரிக்கப் பேடெண்ட் பெற்றார். ஆனால் இயற்கைக் கனிமத்தில் கலப்பு சீராக இராது. ஊசி முனையை நகர்த்தி நல்ல இடத்தைத் தேட வேண்டும். 1940-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் ஓல் பரிசோதித்த சிலிக்கன் துண்டொன்றில் விளக்கொளி பட்டதும் மின்சாரம் பிறந்தது. அதன் ஒரு பகுதியில் ஒருவகை மாசும், மறுபகுதியில் மற்றொரு வகையும் தாமாகவே ஒதுங்கியிருந்தன என்பது பின்னர் விளங்கிற்று. இன்று மாடிகளில் நாம் காணும் சூரியப் பலகைகளிலும் இந்த இருவகைச் சிலிக்கனும் ஒட்டி நின்றுதான் வெயிலை மின்சாரமாக்குகின்றன.

அத்தகைய சூரியக் கலங்கள், 2024 முதல் திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானில் தயாராகின்றன. மகிழ வேண்டிய விஷயம்தான். ஆனால் அவற்றுக்கு மூலமான சிலிக்கன் தகடுகளை நம் தேசம் இன்னும் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. போஸ் பிறந்த நாட்டுக்கு இது போதுமா?

முதலில் மாசறத் துலக்க வேண்டும். பின்னர் அளந்து கலக்க வேண்டும். அளவறியாமல் சேர்ந்த மாசு பொருளைக் கெடுக்கும்; அளந்து சேர்த்த மாசு அதற்கு உயிரூட்டும். முத்தை வைத்து விளைவிக்கக் கற்ற கரையில் வளரும் நம் குழந்தைகளுக்கு இதுவும் கைவராத வித்தையன்று.