பெர்மிட் முடிந்த பிறகு ஒரு நிக்காஹ்

2024ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் கழிந்து பத்து நாட்கள் சென்றிருக்கும். மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில், பசுமலை அடிவாரத்தில் வாழும் உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அஸர் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, எனக்குப் பெரியம்மா முறையாகும் அவ்வீட்டு அம்மையார் கைப்பேசியைக் கொண்டுவந்து ஒரு பெண்ணின் புகைப்படத்தைக் காட்டினார்.

“பினாங்கிலே நம்ம சின்னவனுக்குப் பேசியிருக்காங்க தம்பி. பொண்ணு அந்த ஊர் சிட்டிசன். நிக்காஹ் முடிஞ்சா பேப்பர் எல்லாம் சரியாயிடும், அப்புறம் ஊருக்கு வந்து போகலாங்கிறான். நெசந்தானா?”

அந்தக் கேள்வியின் பின்னே பல ஆண்டுத் துயரம் இருந்தது. சின்னவர் பரோட்டா போடும் வேலைக்கு முறையான பெர்மிட்டுடன் மலேசியா சென்றவர். பெர்மிட்டைப் புதுப்பிப்பதாகக் கூறி முதலாளி மாதந்தோறும் சம்பளத்தில் பணம் பிடித்தாரே அன்றிப் புதுப்பித்தாரில்லை. பாஸ்போர்ட்டும் அவர் பெட்டியிலேயே இருந்தது. மனம் வெறுத்து வேறு கடைக்கு மாறிய நாள்முதல் சின்னவர் அந்நாட்டில் அனுமதியின்றித் தங்கியவராகிவிட்டார். 2021இல் அவருடைய அத்தா வஃபாத்தானபோது ஜனாஸாவைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார். கபுருக்கு ஒரு பிடி மண் தள்ள அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பெரியம்மாவுக்கு அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. நன்கு விசாரித்து, விவரம் அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே கூறினேன். அதே கேள்வி நம் வாசகர் இல்லங்கள் பலவற்றிலும் இருக்கக்கூடும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

நம் முன்னோர் இத்தகைய கேள்வியைக் கேட்டதே இல்லை. ‘ராஜுலா’ கப்பல் ஏறி நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சென்றவர்கள் அங்கே கடை வைத்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், மலாய்ப் பெண்மணிகளை மணந்தார்கள். பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டளவில் தோன்றியது. தமிழ் முஸ்லிம் தந்தையர்க்கும் மலாய்த் தாய்மார்க்கும் பிறந்த வழித்தோன்றல்களை ‘ஜாவி பெரானாக்கான்’ என்று அழைப்பர். 1876இல் சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த முதல் மலாய்மொழி வார ஏடு அவர்களின் பெயரையே தாங்கியிருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அக்காலத்தில் மணமகன் எந்த நாட்டான் என்று எவரும் தாள் கேட்கவில்லை. 1953இல் மலாயாவில் குடிநுழைவுக் கட்டுப்பாடு இறுகியது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பல் தீப்பற்றியதோடு கப்பல் சபுரும் முடிந்தது. ஆனால், ‘அந்த ஊரில் பெண் முடித்தால் அந்த ஊர்க்காரன்’ என்னும் எண்ணம் மட்டும் நம் வீடுகளில் இன்னும் கரையேறாமல் மிதந்துகொண்டிருக்கிறது.

இன்றைய சட்டம் வேறு. மலேசியாவில் உணவகத்திலும் தோட்டத்திலும் கட்டுமானத்திலும் வேலை செய்வோர்க்குத் தரப்படுவது தற்காலிக வேலை அனுமதி. அந்த அனுமதி உள்ளவரை அந்நாட்டில் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அதாவது, பெர்மிட் செல்லுபடியாகும்போதே மணம் முடிக்கத் தடை இருக்கிறது. பெர்மிட் முடிந்து தங்கியிருப்பவரின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. 1959/63ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, அனுமதிக் காலம் கடந்து தங்குவோர்க்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அனுமதியே இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தோர்க்கு 6ஆம் பிரிவின்படிப் பிரம்படியும் உண்டு. இவ்விரண்டையும் நம்மவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். விமான நிலையத்தில் முத்திரை பெற்று முறையாக நுழைந்து, பின்னர் தங்கிவிட்டவர் முதல் வகையினர். படகேறிக் கள்ளத்தனமாகச் சென்றவர் இரண்டாம் வகையினர்.

நிக்காஹ் என்பது ஷரீஅத்தின்படி ஈஜாபும் கபூலும், வலீயும் இரு சாட்சிகளும், மஹரும் கொண்டு நிறைவேறுவது. அதனை எந்தப் பெர்மிட்டும் ஆக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. ஆயினும், நிக்காஹ் நிறைவேறியது என்பதாலேயே ஓர் அந்நிய நாடு தன் வாசலைத் திறந்துவிட வேண்டும் என்பதில்லை. மலேசியாவில் முஸ்லிம்களின் திருமணத்தை ஒவ்வொரு மாநிலத்தின் இஸ்லாமியச் சமயத் துறையே அனுமதித்துப் பதிவு செய்கிறது. அயல்நாட்டார் எனில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், மணமாகாதவர் என்பதற்குத் தம் நாட்டுத் தூதரகத்தின் சான்று, குடிநுழைவுத் துறையின் ஒப்புதல் ஆகியவற்றைக் கேட்பார்கள். பெர்மிட் முடிந்தவர் அந்த ஒப்புதலைக் கேட்கச் செல்வது, தம்மைத் தாமே கொண்டுபோய் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவேதான் சிலர் பதிவில்லாமல் வீட்டினுள் ரகசியமாக நிக்காஹ் ஓதிக்கொள்கின்றனர். கூட்டரசுப் பிரதேசங்களின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின்படி, விதிமுறைக்கு மாறாக மணம் முடிப்பது 1,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கத்தக்க குற்றமாகும். மாநிலங்களிலும் இதனை ஒத்த சட்டங்கள் உள்ளன. தண்டனையைவிடக் கொடியது பின்னர் வருவது. கணவன் பிடிபட்டு ஊருக்கு அனுப்பப்பட்டால், அந்தப் பெண் தான் ஒருவனின் மனைவி என்பதை நிலைநாட்டவே நீதிமன்றம் ஏற வேண்டும். நஃபகா கேட்பதும் தலாக் கேட்பதும் அதன் பிறகே.

பெரியம்மாவின் கேள்வியில் மகனைப் பற்றிய கவலை இருந்தது. எனக்கோ, புகைப்படத்தில் இருந்த அந்தப் பெண்ணைப் பற்றியே மனம் அடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் பெர்மிட் நிலை அவளுக்குத் தெரியுமா, அவளுடைய அத்தாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அதெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கான்” என்றார். நம்மூரில் மாப்பிள்ளைக்கு இருக்கும் ஒரு நோயை மறைத்துப் பேசினால் என்ன பெயரிடுவோம்?

சரி, எல்லாம் முறைப்படி நடந்து பதிவும் ஆகிவிட்டது என்றே கொள்வோம். அப்போது கிடைப்பது என்ன? கணவருக்கு மனைவியின் பொறுப்பில் நீண்டகாலச் சமூக வருகை அனுமதி கிடைக்கும். அதில் வேலை செய்வதற்குக் குடிநுழைவுத் துறையின் தனி இசைவு பெற வேண்டும். அத்தகைய அனுமதியில் ஐந்து ஆண்டுகள் தங்கிய பிறகே நிரந்தர வசிப்புரிமைக்கு மனுச் செய்யலாம். மனு ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை.

குடியுரிமையிலோ ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இருக்கிறது. மலேசியக் குடிமகனை மணந்த அயல்நாட்டு மனைவி, இரண்டாண்டு வசித்திருந்தால், அரசியல் சாசனத்தின் 15ஆம் விதியின்படிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மலேசியப் பெண்ணை மணந்த அயல்நாட்டுக் கணவனுக்கு அந்த வழி இல்லை. அவன் 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசித்து, மலாய் மொழி கற்று, பொதுவழியிலேதான் மனுச் செய்ய வேண்டும். ‘சிட்டிசன் பெண்ணை முடித்தால் சிட்டிசன்’ என்று நம் இளைஞரிடம் கூறுவோர் இந்த ஒரு விதியைப் படித்ததில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஓரளவு நிம்மதி உண்டு. தாய் மலேசியக் குடிமகள். குழந்தை அந்நாட்டிலேயே பிறக்கிறது. அக்குழந்தை அந்நாட்டுக் குடியே. தலைகீழாக எண்ணிப் பாருங்கள். மலேசியக் குடிமகனை நம் பக்கத்துப் பெண் ஒருத்தி பதிவில்லாத நிக்காஹ் செய்து, அங்கே பிள்ளை பெற்றால், சட்டத்தின் கண்ணில் அப்பிள்ளை தாயின் நிலையையே அடையும். தந்தையின் குடியுரிமை அதற்கு வாராது. பள்ளியில் சேர்க்கும் வயதில்தான் பெற்றோர்க்கு இது தெரியவரும். பெண்ணைப் பெற்றவர்கள் இதனைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சிங்கப்பூர் இன்னும் கண்டிப்பானது. அங்கே ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மனிதவள அமைச்சின் முன் அனுமதியின்றி மணக்கக் கூடாது. எந்தச் சட்டத்தின்படியும், எந்த மதம் அல்லது வழக்கத்தின்படியும், சிங்கப்பூருக்கு உள்ளேயோ வெளியேயோ கூடாது என்பது நிபந்தனை. பெர்மிட் முடிந்த பின்னரும் அது தொடர்கிறது. ஆகவே, ‘மதுரைக்கு வந்து மஹல்லாப் பள்ளியில் நிக்காஹ் ஓதிவிட்டால் அங்கே யாருக்குத் தெரியும்’ என்ற யோசனை பயன்படாது. அங்கு 90 நாட்களுக்கு மேல் அனுமதியின்றித் தங்கிய ஆண்களுக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படியும் 1989 முதல் சட்டத்தில் இருக்கிறது. தாளுக்காகவே நடத்தும் போலித் திருமணத்திற்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு.

இந்தத் தவறான நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்திருக்க வேண்டும். விசாவுடன் முறையாக நுழைந்து, காலம் கடந்து தங்கியவர், அமெரிக்கக் குடிமகளை உண்மையாகவே மணந்தால் அங்கிருந்தபடியே பச்சை அட்டைக்கு விண்ணப்பிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கும் கூர்மையான ஒரு முள் உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 180 நாட்களுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் நாட்டைவிட்டு வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டுக்கு மேல் தங்கியவர் 10 ஆண்டும் திரும்ப நுழையத் தடை. ஊரில் மய்யித் என்று கேள்விப்பட்டுப் பறந்து வருபவர் அங்கே விட்டுவந்த குடும்பத்தை நெடுங்காலம் இழக்க நேரிடும். மேலும், விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் பிடிக்கவே மாட்டார்கள் என்ற காப்பும் அச்சட்டத்தில் இல்லை. ஒரு நாட்டின் சட்டத்தைக் கேட்டு மற்றொரு நாட்டில் நடப்பது, திருச்சி ரயிலின் நேரம் பார்த்துத் திருநெல்வேலி ரயிலுக்குக் காத்திருப்பது போன்றது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது; சற்று நீண்ட வழி. மலேசிய அரசு அவ்வப்போது, அனுமதியின்றித் தங்கியோர் வழக்கின்றி ஊர் திரும்பும் பொதுமன்னிப்புத் திட்டங்களை அறிவித்து வந்திருக்கிறது. 2019 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை 700 ரிங்கிட் செலுத்திச் சென்றனர். 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த திட்டத்தில், காலம் கடந்து தங்கியோர்க்கு 500 ரிங்கிட். இவற்றிற்கு ஏஜெண்ட் எவரும் தேவையில்லை. பயணச் சீட்டுடன் குடிநுழைவு அலுவலகத்திற்கு நேரிலே செல்ல வேண்டும். 2016 முதல் 2018 வரை நடந்த மறுவேலைப் பதிவுத் திட்டத்தில் இடைத்தரகரிடம் பல்லாயிரம் கட்டி, பெர்மிட்டும் கிடைக்காமல் பணமும் திரும்பாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்க்கு இந்தியத் தூதரகம் ஊர் திரும்புவதற்கு மட்டும் பயன்படும் அவசரச் சான்று வழங்கும். திரும்பிச் சென்றவர் மறுபடி எப்போது நுழையலாம் என்பது அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் முடிவு. இதில் வாக்குறுதி தருபவர் யாராயினும் நம்பாதீர்கள்.

மறுநுழைவு தாமதமானால், மனைவி இங்கே வரலாம். இதனை நம்மவர் எண்ணிப் பார்ப்பதே இல்லை! நிக்காஹை ஜமாஅத் தஃப்தரில் எழுதுவதோடு நிறுத்தாமல், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் அரசிடமும் பதிவு செய்ய வேண்டும். மலேசியப் பெண்ணாயின் அவர்களுடைய தூதரகத்திலோ சமயத் துறையிலோ ஆறு மாதத்துக்குள் பதிவு செய்வதும் அவசியம். பதிவாகி இரண்டாண்டு நிலைத்த திருமணத்தில், இந்தியரின் அயல்நாட்டு மனைவி ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே பிறக்கும் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமானால், பிறக்கும் வேளையில் தாயின் விசா செல்லுபடியாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் கறாராகவே இருக்கிறது.

இவை யாவற்றையும் பெரியம்மாவிடம் விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்ப பொண்ணோட அத்தாகிட்ட அவனே சொல்லட்டும். நான் சொல்லச் சொல்றேன்” என்றார். அன்றிரவே மகனிடம் பேசினார். மறுவாரம் சின்னவர் பெண்ணின் தந்தையிடம் எல்லாவற்றையும் கூறினார். அந்தப் பெரியவர் சினந்தார் என்றும், மூன்று நாட்கள் பேசவில்லை என்றும், நான்காம் நாள் அழைத்து, “முதலில் ஊருக்குப் போய் வாப்பா, தாளைச் சரி செய். என் மகள் காத்திருப்பாள், காத்திருக்க மாட்டாள் என்றால் அதையும் நானே சொல்கிறேன்” என்றார் என்றும் அறிந்தேன்.

அவ்வாண்டு நவம்பரில், அவசரச் சான்றோடு, சின்னவர் திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கினார். அங்கிருந்து பசுமலை வீட்டுக்குச் செல்லாமல் நேரே கபரஸ்தானுக்குச் சென்று, அத்தாவின் கபுருக்கு அருகில் நின்று துஆச் செய்தார். இப்போது மதுரையில் ஓர் உணவகத்தில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறார். புதிய பாஸ்போர்ட் வந்துவிட்டது. பினாங்கிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பின் அழைப்பு வருகிறது; அந்த நேரத்தில் பெரியம்மா அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறார்.