ஒரு பல் பிசகினால்

அறுவடை நாட்களில் பாலமுனைச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். வட்டையிலிருந்து நெல் மூட்டைகளோடு ஏறிவரும் பழைய கெப்களில் ஒன்றிரண்டாவது வெள்ளைப் புகை கக்கும். எரியாத டீசல் வாடை கண்ணைக் கரிக்கும். "பம்ப் போயித்து காக்கா, கழட்டித்தான் பாக்கணும்" என்று உடனே தீர்ப்பு வந்துவிடும். பம்ப்பைக் கழற்றிப் பிரிப்பது பெருஞ்செலவு. அதற்கு முன் டீசல் பீய்ச்சும் நேரத்தை, அதாவது டைமிங்கைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை புது வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்த இலங்கையில், டொயோட்டா 2எல், 3எல் போன்ற பழைய இன்ஜின்கள்தாம் நம் வயல்களுக்குக் கைகொடுத்தன.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. இந்தப் பழைய இன்ஜின்களில் காற்று இருபது மடங்குக்கு மேல் நெருக்கப்பட்டு 500 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாகும். பிஸ்டன் உச்சியை நெருங்கும் அந்தக் கணத்தில் டீசல் பீய்ச்சப்பட வேண்டும். பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேமும் டீசல் பீய்ச்சும் பம்ப்பும் ஒரு சுற்று. இந்தக் கணக்கைக் காப்பது ஒரு ரப்பர் பெல்ட்.

கிராங்க் பல்சக்கரத்தில் 24 பல் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் ஒரு பல் தாவினால் 15 பாகை பிசகும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் அது ஒரு செக்கனில் 800இல் ஒரு பங்குதான். ஆனால் அவ்வளவு பிந்தினால் பிஸ்டன் இறங்கத் தொடங்கிவிடும், காற்று ஆறும், டீசல் பாதி வெந்தும் வேகாமலும் புகையாகப் போகும், பாரத்தோடு வண்டி இழுக்காது. முந்தினால், ஏறிவரும் பிஸ்டனுக்கு எதிராகவே வெடித்து இன்ஜின் சம்மட்டி அடித்ததுபோல் தட்டும். கேம் பிசகினால் இன்னும் மோசம்: வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளைந்தே போகலாம்.

வெள்ளைப் புகைக்கு டீசல் குழாயில் புகுந்த காற்றும், கம்பிரசன் குறைவும்கூடக் காரணமாகலாம். அவற்றைப் பார்த்து விலக்கிய பிறகு பெல்ட் மூடியைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று. கிராங்க், கேம், பம்ப் மூன்றின் குறிகளும் சேர்ந்து நிற்கின்றனவா? பெல்ட்டில் ஒயில் ஈரம் இருந்தால் சீல் கசிகிறது. புதுப் பெல்ட் மட்டும் போட்டால் அதுவும் கெடும். பெல்ட் இறுக்கியின் பெயரிங்கையும் விரலால் சுற்றிக் கேட்கலாம். கரகரத்தால் அதையும் மாற்ற வேண்டும். இந்த இன்ஜின்களில் 100,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள்.

குறிகள் சரியாக நின்றும் புகை விடவில்லையா? பம்ப் தலையின் நடுவிலுள்ள சின்ன போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளையில் டயல் கேஜைச் செருகுவார் கைதேர்ந்த மெக்கானிக். கிராங்கை உச்சிக்கு முன்னால் சுமார் 30 பாகைக்குப் பின்னால் திருப்பி, முள் அசையாத இடத்தில் பூச்சியம் வைப்பார். பிறகு முதல் சிலிண்டர் உச்சிக்கு வரும்வரை மெல்லச் சுற்றுவார். அதற்குள் பம்ப்பினுள் இருக்கும் பிளஞ்சர் நகர்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கைநூலில் உள்ள அளவோடு அது ஒத்துவராவிட்டால், பம்ப்பைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி உடலைச் சற்றே சாய்ப்பார். இறுக்கும்போதே பம்ப் மயிரிழை நகர்ந்துவிடும். அதனால் நட்டை இறுக்கிய பின்பும் கிராங்கைத் திரும்பச் சுற்றி, முள்ளை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் கேஜைக் கழற்றுவார்.