வலி மாத்திரை, சுகர் மாத்திரை இதயத் தசையைப் பாதிக்குமா?

அம்மாவுக்கு முட்டி வலி. மெடிக்கல் ஷாப்பில் ‘வலிக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டால், டைக்ளோஃபெனாக் ஒரு அட்டை கைக்கு வந்துவிடும். ரெண்டு வாரத்தில் வலி குறைகிறது. ஆனால் கால் வீங்குகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ‘வயசாயிடுச்சு, அதான்’ என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த மாத்திரையும் காரணமாக இருக்கலாம்.

கார்டியோமயோபதி எனப்படும் இதயத் தசைநோய், மாரடைப்பு அல்ல. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. இதில் இதயத்தின் தசையே தளர்ந்து விரிந்துபோகிறது, அல்லது தடித்து விறைத்துவிடுகிறது. மரபணு, வைரஸ் தொற்று, மதுப்பழக்கம், பிரசவம் எனப் பல காரணங்கள் உண்டு. மருந்தும் அதில் ஒன்று. ஆனால் தசையையே கெடுக்கும் மருந்து வேறு, ஏற்கெனவே பலவீனமான இதயத்தின் மேல் சுமை ஏற்றும் மருந்து வேறு. நம் வீட்டு மருந்து டப்பாவில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளையே எடுத்துக்கொள்வோம். வலியை உண்டாக்கும் ரசாயனத்தை அவை தடுக்கும்போது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றும் வேலையும் மந்தமாகிறது. உடம்பில் நீர் தங்குகிறது, பிபி ஏறுகிறது. ஆரோக்கியமான இதயம் இதைச் சமாளித்துவிடும். தளர்ந்த இதயம் திணறும். நீர் போக மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதன் பலனும் குறையும். அதுவரை வெளியே தெரியாத இதயக் கோளாறு இப்படி வெளிப்படுவதும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக் சாப்பிடக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013இல் அறிவுறுத்தியது. மேலே தடவும் ஜெல்லில் இந்தக் கவலை குறைவு. ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான்.

சுகருக்கான பியோகிளிட்டசோன் இன்னொன்று. இதுவும் உடம்பில் நீரைத் தேக்கும். இதயச் செயலிழப்பை உண்டாக்கலாம், மோசமாக்கலாம் என்று 2007லேயே அமெரிக்காவில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. இந்தியாவில் மெட்ஃபார்மின், கிளிமெபிரைடுடன் சேர்த்து மூன்றும் ஒரே மாத்திரையாகக் கிடைப்பதால், பியோகிளிட்டசோன் சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒருமுறை படித்தால் போதும்.

சரி, தசையையே கெடுப்பவை? முதலில் வருவது புற்றுநோய்க்குத் தரும் சிவப்பு நிற மருந்து டாக்ஸோரூபிசின். இதில் ஆபத்து மொத்த அளவைப் பொறுத்தது. உடல்பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் சேரும்போது சுமார் 5% பேருக்கும், 550ஐத் தொடும்போது சுமார் 26% பேருக்கும் இதயச் செயலிழப்பு வந்ததாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே எக்கோ எடுக்கிறார்கள், வாழ்நாள் அளவையும் கணக்கு வைக்கிறார்கள்.

மூட்டுவாதம், லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், பல வருடம் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்கு இதயத் தசையைத் தடிக்கச் செய்கிறது. செல்லுக்குள் குப்பையை அகற்றும் பகுதி சரியாக வேலை செய்யாமல் கழிவு சேர்ந்துவிடுகிறது. லூபஸ் நோயாளிக்கு இந்த மருந்தால் கிடைக்கும் நன்மை இதைவிடப் பல மடங்கு பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜிம்மில் ‘சைக்கிள்’ என்ற பெயரில் போடப்படும் அனபாலிக் ஸ்டீராய்டு ஊசியும் இந்த வகைதான். கைத்தசை பெருக்கும், இதயத் தசையைப் பலவீனமாக்கும். முப்பது வயதுக்காரருக்கு மூச்சுத் திணறல் வந்தால், டாக்டரிடம் இதை மறைப்பதில் அர்த்தமே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவின் ஹார்ட் மாத்திரையை நிறுத்தினால், அதுதான் பெரிய ஆபத்து. இதயத் தசைநோயிலிருந்து மீண்டு, எக்கோவும் நார்மலாக இருந்தவர்களை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர்களின் கண்காணிப்பில் படிப்படியாக மருந்தை நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் காலத்தில் திரும்பவில்லை. 2018இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவு இது.

புது மாத்திரை தொடங்கிய பிறகு இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கணுக்காலில் விரலால் அழுத்திய குழி அப்படியே நின்றாலோ, தலையணை ஒன்று கூடுதலாக வைத்தால்தான் தூங்க முடிகிறது என்றாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், சீட்டு இல்லாமல் வாங்கியதையும் சேர்த்து, ஒரே கவரில் போட்டு எடுத்துப் போகலாம்.