ரேடியோவுக்கு ரீசார்ஜபிள் பேட்டரி: சார்ஜர் எங்கே இருக்கிறது?

அப்பாவின் பாக்கெட் ரேடியோ இரண்டு பென்சில் செல்களில் ஓடுவது. அடிக்கடி செல் வாங்கி அலுத்துப்போய், ஒரு கடையில் கொடுத்து பழைய மொபைல் பேட்டரியைப் பொருத்தி வாங்கி வந்தார். கடைக்காரர் 5 வோல்ட் மொபைல் சார்ஜரின் ஒயரை பேட்டரி முனைகளில் நேரடியாகப் பற்ற வைத்திருந்தார். மூன்றாவது வாரம் பேட்டரி உப்பி, ரேடியோவின் பின்மூடி தானாகத் திறந்துகொண்டது. தீப்பிடிக்காமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

நாம் சார்ஜர் என்று சொல்வது உண்மையில் சார்ஜரே இல்லை. அது 5 வோல்ட் தரும் அடாப்டர், அவ்வளவுதான். சார்ஜ் செய்யும் சர்க்யூட் போனுக்குள் இருக்கிறது. சாதாரண லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தரமான பேட்டரி என்றாலும் அலட்சியம் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது சூடாகலாம் என்று நோக்கியா நிறுவனமே 2007-இல் 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகளை மாற்றித்தர முன்வந்தது.

உப்பிய பேட்டரியைக் கழற்றிவிட்டு, புதிய பிஎல்-5சி ஒன்றை அதற்கான ஹோல்டரில் வைத்தேன். பேட்டரியின் மேல் நேரடியாக சால்டரிங் செய்யாதீர்கள். நடுவே டிபி4056 சிப் உள்ள சின்ன போர்டு. ஓவர் சார்ஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பும் சேர்ந்ததாக, அதாவது பேட்டரிக்கு இரண்டு, ரேடியோவுக்கு இரண்டு என நான்கு இணைப்புகள் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். இது வழக்கமாக 1 ஆம்பியர் தரும். பிஎல்-5சியின் கொள்ளளவு சுமார் 1000 மில்லி ஆம்பியர் ஹவர்தான் என்பதால், போர்டில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2.4 கிலோ ஓம் போட்டேன். கரண்ட் பாதியானது.

அடுத்த சிக்கல் வோல்டேஜ். ரேடியோ கேட்பது 3 வோல்ட். முழு சார்ஜில் பேட்டரி தருவது 4.2. ரேடியோவுக்குப் போகும் பாசிடிவ் ஒயரில் இரண்டு 1என்4007 டயோடுகளை வரிசையாக, வெள்ளிக்கோடு ரேடியோ பக்கம் இருக்குமாறு இணைத்தேன். டயோடுக்கு சுமார் 0.7 வோல்ட் குறைந்து 2.8 வோல்ட் கிடைக்கும். இதன்பின் பழைய செல்களை உள்ளே போடக்கூடாது.

இவ்வளவும் தேவையா? என்னைக் கேட்டால், சால்டரிங் பழக்கமில்லாதவர்களுக்குத் தேவையில்லை. இரண்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் 2.4 வோல்ட் தரும். பெரும்பாலான ரேடியோக்கள் அதிலேயே நன்றாகப் பாடும். சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும் பழைய குறையும், 2005-இல் சான்யோவின் எனலூப் வகை வந்தபின் பெருமளவு தீர்ந்தது. ஆனால் இவற்றை வெளியே எடுத்து, அவற்றுக்குரிய சார்ஜரில்தான் போட வேண்டும். பல ரேடியோக்களில் உள்ள அடாப்டர் துளை செல்லை சார்ஜ் செய்யாது.

எங்கள் வீட்டு ரேடியோவில் மீதமிருப்பது ஒரே குறை. சார்ஜ் ஆகும்போது மீடியம் வேவில் அடாப்டரின் இரைச்சல் கேட்கிறது. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால், பேட்டரி நிறைந்துவிட்டதா என்பதை அறிவதிலும் சிப் தடுமாறும். அதனால் சார்ஜ் போடும்போது ரேடியோவை நிறுத்திவிடுமாறு அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். செய்தி நேரத்தில் மட்டும் அவர் கேட்பதில்லை, ஒயரைப் பிடுங்கிவிடுகிறார்.